தார்வாட் மனுவும் சென்னை மனுவும்: இடம் மறுக்கப்பட்டால் எதிர்த்துக் கேட்பதா?

1856 ஜூன் மாதம். தார்வாட் அரசுப் பள்ளியில் ஒரு மகர் சிறுவனுக்கு இடம் கேட்கப்பட்டது. மறுத்துவிட்டார்கள். இன்று வட கர்நாடகத்தில் இருக்கும் தார்வாட், அன்று பம்பாய் மாகாணத்து ஊர். அந்தக் காலத்தில் இப்படி மறுக்கப்பட்டதில் வியப்பு ஒன்றும் இல்லை. மறுத்த பிறகு நடந்ததுதான் வியப்பு. வாத்தியார் சொன்னதோடு விஷயம் முடியவில்லை. பம்பாய் அரசாங்கத்துக்கே மனு போனது. நம் மக்களின் கல்வி வரலாற்றில் ‘சேர்க்கை மறுப்புக்கு எதிரான மேல்முறையீடு’ என்று சொல்லத்தக்க மிகப் பழைய ஆவணங்களில் இதுவும் ஒன்று.

ஜூலை 21ஆம் தேதி அரசு பதில் சொன்னது. அந்தப் பதிலை எல்லா மாணவர்களும் ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும். சாரம் இதுதான்: மகர் மனுதாரர் பக்கம் நியாயம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவருக்காகவோ ஒரு சிலருக்காகவோ காலங்காலமாக ஊறிப்போன வழக்கத்தில் அரசு சட்டென்று கைவைத்தால் கல்வி வளர்ச்சிக்கே கேடு வந்துவிடும். மேலும், மனுதாரர் படும் கஷ்டம் இந்த அரசு உண்டாக்கியது அல்லவே.

படித்தால் பழகிய குரலாகத் தெரிகிறதா? ‘உங்க பக்கம் நியாயம் இருக்குதுப்பா, ஆனா சிஸ்டம் ஒத்துக்கல’ என்று இன்று கல்லூரி அலுவலகத்துச் சன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்கிறார்களே, அதே குரல். நியாயத்தை ஒப்புக்கொண்டே இடத்தை மறுப்பது என்ற கலைக்கு நூற்று எழுபது வயது ஆகப்போகிறது.

ஆனால் மனு அங்கே நிற்கவில்லை. விஷயம் கல்கத்தாவில் இருந்த இந்திய அரசின் மேசைக்கு ஏறியது. 1857 ஜனவரி 23ஆம் தேதி அங்கிருந்து வந்த கடிதம் பம்பாய் ஆளுநரை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை; அவர் யோசித்துத்தான் செய்திருப்பார் என்று பூசி மெழுகியது. கூடவே ஒரு ஊசியையும் குத்தியது: வங்காள மாகாணத்து அரசுப் பள்ளி எதிலும் அந்தச் சிறுவனை மறுத்திருக்க மாட்டார்கள் என்றது. பிறகு லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் வரை போய், அரசுக் கல்வி நிலையங்கள் எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை உறுதி செய்யப்பட்டது. அதனால் சில மாணவர்கள் விலகிப் போனாலும் போகட்டும், பிடிக்காதவர்கள் தங்கள் காசில் தனிப் பள்ளி கட்டிக்கொள்ளட்டும் என்கிற அளவுக்கு லண்டன் பேசியது. சாதியைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியிலோ கல்லூரியிலோ யாரையும் மறுக்கக் கூடாது என்பதை 1882ஆம் ஆண்டு ஹண்டர் கல்விக் குழு மறுபடியும் எழுதி வைத்தது.

எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்ததற்காகச் சில பெரிய பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. சேர்த்துக்கொண்ட பல இடங்களில் தாழ்வாரத்தில் தனியே உட்கார வைத்தார்கள். அம்பேத்கர் சாத்தாராவில் படிக்கப் போனபோது கோணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் தார்வாட் மனு வென்றதா தோற்றதா? பம்பாய் அரசின் ஆணையில் அந்தச் சிறுவனுக்கு இடம் இல்லை. ஆனால் 1928இல், சைமன் குழுவின் முன் பம்பாய் மாகாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி நிலை பற்றி அம்பேத்கர் அறிக்கை வைத்தபோது, இந்த மனுவும் அதற்கு அரசு சொன்ன பதிலும் அவர் கையில் சாட்சியாக இருந்தன. மனு போடாமல் வீடு திரும்பியிருந்தால் அந்த மறுப்பு நடந்ததற்குத் தடயமே இருந்திருக்காது. மறுத்தவர்களை எழுத்தில் பேச வைத்தது அந்த மனு. எழுத்தில் பேசினால்தான் பொய்யும் கோழைத்தனமும் பிடிபடும்.

இதைச் சொல்லி ‘ஆகவே எல்லோரும் மேல்முறையீடு செய்யுங்கள், சமூகத்துக்காக’ என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. கூட்டங்களில் மைக் பிடித்து அப்படிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஓராண்டை இழக்காதவர்கள். அதற்குப் பிறகு வருவோம். முதலில் இன்னொரு மனுவைப் பார்க்க வேண்டும்; அது நம் ஊர் மனு.

1950 ஜூன் 7. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய சொல்லில் ‘அரிசனங்களுக்கு’ 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணை தன் அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று செண்பகம் துரைராஜன் சென்னை உயர் நீதிமன்றம் போனார். பொறியியல் இடம் கேட்டு சீனிவாசன் என்பவரும் போனார். சீனிவாசனுக்காக வாதாடியவர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். சட்டத்தை எழுதியவர்களில் ஒருவரே வக்கீல்!

ஜூலை 27இல் உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். உச்ச நீதிமன்றத்தில்தான் ஒரு சங்கதி வெளியே வந்தது. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்துப் பார்த்தாராம், பிராமணர் என்பதால் கிடைக்காது என்று தெரிந்ததாம், அதனால் நேரே நீதிமன்றம். விண்ணப்பிக்கவில்லை என்பதை அரசுத் தரப்பு ஆட்சேபணையாக எழுப்பவில்லை, நீதிமன்றமும் அதற்காக மனுவைத் தள்ளிவிடவில்லை.

அடுத்து நடந்ததை நாம் அறிவோம். பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. 1951 ஜூன் 18இல் முதல் சட்டத் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. இன்று கல்லூரியில் உங்களுக்கு இருக்கும் ஒதுக்கீட்டின் சட்ட அடித்தளம் அந்தப் பிரிவுதான்.

இந்த இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தார்வாட்டில் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, நியாயம் இருப்பதாக அரசே ஒப்புக்கொண்ட பிறகும் கை விரிக்கப்பட்டது. சென்னையில் விண்ணப்பிக்காமலே போட்ட வழக்கு நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் வரை வென்றது. செண்பகம் அம்மையாரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ‘எனக்கு இல்லை என்று சொல்ல நீ யார்?’ என்று கேட்கும் துணிவு சிலருக்குப் பிறப்பிலேயே பழக்கமாக வருகிறது. வீட்டில் வக்கீல் இருக்கிறார், மாமா செயலகத்தில் இருக்கிறார், மறுப்பு என்பது பேசித் தீர்க்க வேண்டிய ஒரு தவறு, அவ்வளவே. நம் பிள்ளைகளுக்கோ மறுப்பு என்பது தீர்ப்பு. களப்பணியில் ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் பார்க்கிறேன்; ‘இடம் இல்லை’ என்றதும் முதலில் வரும் வார்த்தை ‘நான் இன்னும் நல்லா படிச்சிருக்கணும்க்கா’ என்பதுதான். பட்டியலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சமூகவியலில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு, அவை இங்கே தேவையில்லை.

அதனால், மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியது ‘ஜெயிப்போமா’ என்பது அல்ல. ‘தவறு யாருடையது’ என்பது. நீதிமன்றங்களும் இதைத்தான் கேட்கின்றன. ஆந்திர மாணவி ஒருவரின் எம்பிபிஎஸ் சேர்க்கை தொடர்பான வழக்கில் 2019 டிசம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மாணவர் மேல் தவறு இல்லை, அவர் தாமதிக்காமல் நீதிமன்றம் வந்தார், தவறு அதிகாரிகளுடையது என்றால், அரிதான நேர்வுகளில் அதே ஆண்டிலோ அது முடியாவிட்டால் அடுத்த ஆண்டிலோ இடம் தர உத்தரவிடலாம். இழப்பீடு மட்டும்தான் தர முடியும் என்று 2014இல் சொல்லப்பட்டிருந்ததை இந்தத் தீர்ப்பு மாற்றியது. இதில் ‘தாமதிக்காமல்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் என்றால் எப்படிப்பட்ட வேகம்? 2021இல் மும்பை ஐஐடியில் சிவில் பொறியியல் இடம் ஒதுக்கப்பட்ட தலித் மாணவர் ஒருவர், அக்டோபர் கடைசியில் இணையத்தில் கட்டணம் கட்டப் பத்துப் பன்னிரண்டு முறை முயன்றார். பணம் போகவில்லை, கெடு முடிந்தது. கடன் வாங்கிக்கொண்டு, அந்த ஆண்டு தேர்வை நடத்திய கரக்பூர் ஐஐடிக்கே நேரில் போனார். கை விரித்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. நவம்பர் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, வேறு யாருடைய இடத்தையும் பறிக்காமல், 48 மணி நேரத்துக்குள் அவருக்கு இடம் தரச் சொன்னது. கெடு முடிந்ததில் இருந்து தீர்ப்பு வரை ஒரு மாதம்கூட இல்லை.

2024இல் நடந்தது இதன் நகல் போல இருக்கும். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல். கட்டணம் 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை 5 மணிக்குக் கெடு. ஊரில் திரட்டிய பணம் கைக்கு வந்தபோது கெடுவுக்குச் சில நிமிடங்களே இருந்தன. கட்டி முடிக்க முடியவில்லை. பட்டியலினத்தவர் ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம், அந்த ஆண்டுத் தேர்வைச் சென்னை ஐஐடி நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றம், கடைசியில் உச்ச நீதிமன்றம் என்று கதவு கதவாகத் தட்டினார்கள். செப்டம்பர் 30இல் இடம் கிடைத்தது. 17,500 ரூபாய்க்காக நாட்டின் இரு முனைக்கும் அலைய வேண்டியிருந்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வெற்றிக் கதையாக இதைப் பகிர்ந்தவர்கள், ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்கு மாலை 5 மணி என்று கெடு வைப்பது யார் என்று கேட்கவில்லை.

இனி உங்கள் கையில் இருக்கும் மறுப்புக்கு வருவோம். உங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்க்கப்பட்டவரின் மதிப்பெண் உங்களுடையதைவிட உண்மையிலேயே அதிகம், இடங்கள் கணக்குப்படி நிரம்பிவிட்டன என்றால், அந்த வழக்கில் உங்கள் ஆண்டைத் தொலைக்காதீர்கள். ஆனால் ‘கணக்குப்படி’ என்பதை நம்பிவிடவும் வேண்டாம். பொதுப்போட்டி மதிப்பெண்ணிலேயே தகுதி பெறும் பட்டியலின மாணவரை ஒதுக்கீட்டு எண்ணிக்கையில் கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. அப்படிக் கழித்தால் உங்களைப் போன்ற இன்னொருவரின் இடம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பட்டியலைப் பார்க்காமல் இது தெரியாது. சான்றிதழ் வடிவம் சரியில்லை, தேதி தாண்டிவிட்டது, இணையத்தில் பணம் ஏறவில்லை, முன்பணம் முழுதாகக் கட்டினால்தான் சேர்ப்போம் என்பவை எல்லாம் கேட்க வேண்டிய மறுப்புகள்.

கேட்பது என்றால் உடனே உயர் நீதிமன்றம் என்று பொருள் இல்லை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள், அப்போது நீங்கள் கேட்டதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், தேதி நிற்கும். பணம் ஏறாத திரையின் படம், வங்கிக் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அறிவித்த சேர்க்கைக் கொள்கைக்கு மாறாக நடந்தாலும், ஒதுக்கீட்டை மீறினாலும், சான்றிதழைத் திருப்பித் தராவிட்டாலும் அங்கே புகார் செய்யலாம். தேசிய பட்டியலினத்தவர் ஆணையத்துக்கு, புகாரை விசாரிக்கும்போது அதிகாரியை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. வழக்குச் செலவுக்கு அஞ்சுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். இதை அறியாமல் வக்கீலுக்குக் கொடுக்க நகை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன்.

கிடைத்திருக்கும் வேறு இடத்தை விட்டுவிட்டுப் போராடாதீர்கள். சேர்ந்துகொண்டே கேட்கலாம். சேர்ந்தால் பழைய உரிமை போய்விடும் என்று கல்லூரி அலுவலகத்தில் யாராவது சொன்னால், அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ‘வேண்டாம்க்கா, எனக்குத் தெம்பு இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அவரைக் கோழை என்று சொல்ல எந்தத் தோழருக்கும் உரிமை இல்லை. வழக்கில் வென்று உள்ளே போனவரை ‘கோர்ட் கேஸ்’ என்று விரல் நீட்டும் வகுப்பறைகள் இருக்கின்றன. அங்கே நான்கு ஆண்டு உட்காரப் போகிறவர் அவர், நாம் அல்ல. அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. அந்த ஆண்டின் இனவாரிச் சேர்க்கைப் பட்டியல், காத்திருப்புப் பட்டியல், நிரப்பாமல் விட்ட இடங்களின் எண்ணிக்கை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாள் அடுத்த ஜூனில் இன்னொருவர் கைக்குப் போகும்.