விம்போல் தெருவின் நாயும் சவுத் தெருவின் பூனைகளும்

காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கிவிட்டால் வீடு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மிளகு ரசம், கஷாயம், நெற்றிப் பற்று, அக்கம்பக்கத்தாரின் விசாரிப்பு எல்லாம் அந்தச் சில நாளோடு முடிந்துபோகும். நோய் ஆண்டுக்கணக்கில் வீட்டோடு தங்கிவிட்டால் நிலைமை வேறு. படுத்திருப்பவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் இடையே இருக்கும் அன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பாரமாகிறது. அதே அறையில் ஒரு நாயோ பூனையோ இருந்தால் அது பாரமாகத் தெரிவதில்லை. ஏன்? குடும்பத்தால் தர முடியாத எதை அந்தப் பிராணி தருகிறது? அதனால் தர முடியாத எதைக் குடும்பம் தருகிறது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் வீட்டுக்குள்ளேயே நெடுநாள் நோயுற்றிருந்த இரண்டு பெண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் கவிஞர் எலிசபெத் பாரெட் (1806–1861). மற்றவர் செவிலியர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910). இருவரும் தங்கள் நோய்க்காலத்தைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதியவர்கள். அதனால்தான் அந்த அறைகளுக்குள் நடந்தவை நமக்குத் தெரிகின்றன.

ஒற்றுமைகள்

இருவரும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்கள். இருவருடைய நோய்க்கும் அக்கால மருத்துவத்தால் சரியான பெயர் சூட்ட முடியவில்லை. எலிசபெத்துக்குப் பதினைந்து வயதளவில் உடல் முடங்கத் தொடங்கியது. பின்னர் நுரையீரலும் பலவீனப்பட்டது. மருத்துவர்கள் அபினைக் கொடுத்தார்கள். அது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. நைட்டிங்கேல் 1855இல் கிரிமியப் போர்முனையில், பாலக்லாவாவில், கடுங்காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். போர் முடிந்து 1856இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டே உடல் நொறுங்கியது. நெஞ்சுப் படபடப்பு, முதுகுவலி, உணவைக் கண்டாலே வெறுப்பு என்று பல ஆண்டுகள் படுக்கையிலும் சாய்விருக்கையிலுமே கழிந்தன. பச்சைப் பாலின் வழியாகவும் கால்நடைகளிடமிருந்தும் தொற்றும் புரூசெல்லோசிஸ் நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள்.

இன்னொரு முக்கியமான ஒற்றுமையும் உண்டு. இருவரும் படுக்கையிலிருந்தபடியே பெரும்பணி செய்தார்கள். எலிசபெத்தை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புகழ்பெற வைத்த 1844ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பு அந்த அறையில் உருவானது. நைட்டிங்கேலின் பணி நம் ஊர் வரைக்கும் நீண்டது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே இங்குள்ள படைமுகாம்களின் சுகாதாரச் சீர்கேட்டை ஆராய்ந்தார். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின் காலத்தில் நீர்ப்பாசனத்துக்காக வாதாடினார். ஆகவே இவர்களுக்குக் கிடைத்த துணையை எடைபோடும்போது, அது வேதனையைக் குறைத்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. வேலைசெய்ய விட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

கதவு யார் கையில்?

வேற்றுமை குடும்பத்தில் தொடங்குகிறது. விம்போல் தெரு 50ஆம் எண் வீட்டில் எலிசபெத்தைச் சுற்றி ஆட்களுக்குக் குறைவில்லை. தாய் 1828இலேயே இறந்துவிட்டார். தந்தை, இரண்டு தங்கைகள், ஆறு தம்பிகள் என வீடு நிறைந்திருந்தது. தந்தை எட்வர்ட் பாரெட் இரவுதோறும் மகளின் அறைக்கு வந்து உடன் அமர்ந்து ஜெபிப்பார். அவருடைய பாசத்தை எலிசபெத் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் யாரும் திருமணம் செய்யக்கூடாது என்று நின்றவரும் அவர்தான். 1845இல், குளிர்காலத்துக்கு இத்தாலி போனால் உடல் தேறும் என்று மருத்துவர் யோசனை சொன்னபோது மறுத்தவரும் அவர்தான். குளிர்மாதங்களில் சன்னல்கள் இறுக அடைக்கப்பட்ட அந்த அறையில் அன்புக்குக் குறைவில்லை. தன்னைப் பற்றிய ஒரு முடிவை எடுக்கும் உரிமைதான் இல்லை.

நைட்டிங்கேல் நேர்மாறாக நடந்துகொண்டார். 1857இல் தாயும் அக்கா பார்த்தனோப்பும் லண்டனில் அவருடன் வந்து தங்கினார்கள். இரவும் பகலும் வேலையில் மூழ்கிக் கிடந்தவருக்கு அவர்களுடைய பேச்சும் பரபரப்பும் தாங்க முடியாதவையாக இருந்தன. உடல் நொறுங்கி மால்வர்ன் நகருக்குச் சிகிச்சைக்குப் போனபோது, இருவரும் வரவேண்டாம் என்று தடுத்துவிட்டார். உடனிருக்க அனுமதித்தது அத்தை மேயை மட்டும். பிறகு, சவுத் தெருவில் 1865 முதல் சாகும்வரை வாழ்ந்த வீட்டில், பார்க்க வருபவர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரலாம். பல பேச்சுகள் துண்டுச் சீட்டிலேயே முடிந்தன. எலிசபெத்தின் கதவு தந்தையின் கையில் இருந்தது. நைட்டிங்கேலின் கதவு அவர் கையிலேயே இருந்தது.

இதற்கு விலையும் உண்டு. அத்தை மே 1860இல் தன் குடும்பத்தைக் கவனிக்கத் திரும்பியபோது, கைவிடப்பட்டதாக நைட்டிங்கேல் மனம் கசந்தார். அந்த உறவு பல ஆண்டுகள் அறுந்து கிடந்தது. தனக்கும் கணவர் உண்டு, பிள்ளைகள் உண்டு என்ற அத்தையின் நியாயத்தை நோயாளியால் பார்க்க முடியவில்லை. அடைத்த கதவு எலிசபெத்தை ஒடுக்கியது என்றால், தானே அடைத்துக்கொண்ட கதவு நைட்டிங்கேலைக் கடினமாக்கியது.

நாய் செய்ததும் பூனைகள் செய்ததும்

1840 ஜூலையில் எலிசபெத்தின் அருமைத் தம்பி எட்வர்ட், டார்க்கி கடலில் படகு கவிழ்ந்து இறந்தார். அக்காவின் வேண்டுகோளுக்காகவே அந்த ஊரில் தங்கியிருந்தவர் அவர். குற்ற உணர்வில் எலிசபெத் பேச்சிழந்து கிடந்தார். எழுத்தாளரும் தோழியுமான மேரி ரஸ்ஸல் மிட்ஃபர்ட் தன் நாயின் குட்டியான ஃப்ளஷ் என்ற காக்கர் ஸ்பானியலை அவருக்குக் கொடுத்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். ஆறுதல் சொன்னவர்கள் பலர். ஆனால் எந்த ஆறுதலும் இறந்தவரை நினைவூட்டித்தான் தொடங்க வேண்டியிருந்தது. குட்டிக்கு அந்தக் கதை தெரியாது. அதற்குத் தீனி வேண்டும், கவனிப்பு வேண்டும், பக்கத்தில் படுக்க இடம் வேண்டும். எல்லோராலும் கவனிக்கப்பட்டுக்கொண்டிருந்தவர் கவனிக்க ஓர் உயிர் கிடைத்தது.

அதன் முழுப் பலனும் 1846 செப்டம்பரில் தெரிந்தது. பணக்கார வீட்டு நாய்களைத் திருடிப் பணம் பறிக்கும் கும்பல்கள் அன்றைய லண்டனில் இருந்தன. ஃப்ளஷ் அப்படித் திருடப்பட்டது அது மூன்றாம் முறை. பணம் கொடுக்கக்கூடாது என்றார் தந்தை. எலிசபெத் மணக்கவிருந்த கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கும் கொள்கைக் காரணம் காட்டி அதையே சொன்னார். எலிசபெத் கேட்கவில்லை. பணிப்பெண் வில்சனை அழைத்துக்கொண்டு வாடகை வண்டியில் ஷோர்டிச் பகுதிக்கே போய், கும்பல் தலைவனின் வீட்டுவாசலில் நின்று பேசினார். மாடி இறங்குவதே பெரிய காரியம் என்று வீடு நம்பியிருந்த ஒருவர் செய்த வேலை இது. கடைசியில் ஆறு கினி கைமாறி நாய் வீடு வந்தது. அதே மாதம் 12ஆம் தேதி யாருக்கும் தெரியாமல் ராபர்ட்டை மணந்தார். ஒரு வாரத்தில் கணவரோடும் வில்சனோடும் ஃப்ளஷோடும் இத்தாலிக்குப் புறப்பட்டார். அங்கே உடல் தேறியது. 1849இல், 43ஆம் வயதில், மகனைப் பெற்றார். தந்தை கடைசிவரை மன்னிக்கவில்லை. மகளின் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்.

நைட்டிங்கேலின் பூனைகள் இப்படி எதற்கும் அவரை வெளியே இழுக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. பாரசீகப் பூனைகளை விரும்பி வளர்த்தார். ஒன்றுக்குத் திருவாளர் பிஸ்மார்க் என்று பெயர். காகிதக் குவியலுக்கு நடுவில் அவை திரிந்தன. மையில் மிதித்த பாதச்சுவடுகள் அவர் எழுதிய தாள்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன. மனிதர்களில் ஒருவருக்கு மேல் அனுமதிக்காத அறையில் பூனைகளுக்குத் தடையே இல்லை. அறிவுரை சொல்லாமல், நலம் விசாரித்துப் பதிலுக்குக் காத்திராமல், அவர் சக்தியைச் செலவழிக்காமல் உடனிருந்த உயிர்கள் அவை. நாய் எலிசபெத்தை அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. பூனைகள் நைட்டிங்கேலின் அறையை வேலைசெய்யத் தகுந்த இடமாக வைத்திருந்தன.

தன் பட்டறிவை அவர் எழுத்திலும் வைத்தார். செவிலியம் பற்றி 1859இல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ நூலில், நீண்டகால நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி அருமையான துணை என்கிறார். அதற்கு உணவிடுவதையும் சுத்தம் செய்வதையும் நோயாளியால் முடிந்தால் அவரையே செய்யவிட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார். அதே நூலில், நோயாளியைச் சூழ்ந்துகொண்டு பொய்யான நம்பிக்கை சொல்பவர்களையும், ஆளுக்கொரு வைத்தியம் பரிந்துரைப்பவர்களையும், கதவுக்கு வெளியே கிசுகிசுப்பவர்களையும் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவருடைய கருத்து தெளிவாகிறது. நோயாளியின் மீதிச் சக்தியை வீண்பேச்சு கரைக்கிறது; சிறு பொறுப்பு அதைப் பெருக்குகிறது.

குடும்பத்தை ஒதுக்கிவிட முடியுமா?

இதைக்கொண்டு, பிராணி உயர்ந்தது, உறவு தாழ்ந்தது என்று முடித்தால் அது தவறு. ஃப்ளஷுக்காக எலிசபெத் வீட்டைவிட்டு இறங்கினார் என்பது உண்மை. ஆனால் அவரை இத்தாலியில் சேர்த்தது ராபர்ட்டின் உறுதியும் வில்சனின் துணிவும். நைட்டிங்கேல் கிரிமியாவுக்குப் புறப்பட்ட 1854இல், ஏதென்ஸ் நகரில் மீட்டெடுத்து வளர்த்த அதீனா என்ற சின்ன ஆந்தை இறந்துபோனது. மறு ஆண்டு அவர் போர்முனைக் காய்ச்சலிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, அந்த ஆந்தையின் வாழ்வையும் சாவையும் சிறுநூலாக எழுதி, படமும் வரைந்து அனுப்பியவர் அக்கா பார்த்தனோப்தான். தங்கையால் தாங்கமுடியாமல் போன அதே அக்கா, தங்கைக்கு எது பிரியம் என்று சரியாக அறிந்திருந்தார். பிராணி உடனிருக்கும், நினைவைக் காத்துத் தர மனிதர்தான் வேண்டும். பின்னாளில் வயதான தாயையும், மூட்டுவாதத்தால் முடங்கிய பார்த்தனோப்பையும் நைட்டிங்கேல் அருகிருந்து பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்தபின் பழைய கசப்பு தணிந்தது.

இரண்டு அறைகளிலும் வெளியே தெரியாத உழைப்பு ஒன்றும் இருக்கிறது. மாடிக்குத் தண்ணீரும் கரியும் சுமந்தவர்கள், படுக்கை மாற்றியவர்கள், பிராணிகளின் அழுக்கை அள்ளியவர்கள் வேலையாட்கள். அந்த வசதிக்குப் பணம் வேண்டியிருந்தது. பாரெட் குடும்பத்துச் செல்வம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையில் வந்தது. நம் வீடுகளில் அந்த வேலை முழுவதும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மனைவியாக, மகளாக, மருமகளாக இருக்கும் அவரிடம் ஒரு நாயையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்று சொல்வது நோயாளிக்கு மருந்தாகலாம். அவருக்கு அது இன்னொரு சுமை. வேலையைப் பங்கிடாத வீட்டில் பிராணியும் துணையாகாது.

ஒப்பீட்டின் முடிவு

இரண்டு வாழ்க்கைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. நோயாளியிடமிருந்து நோய் பறிப்பவற்றில் கொடியது அவருடைய பொறுப்பு. குடும்பம் அன்பினாலேயே மீதியையும் வாங்கிக்கொள்கிறது: நீ எழுந்திருக்காதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாயும் பூனையும் அப்படிச் சொல்வதில்லை. பசிக்கிறது என்று நோயாளியிடமே வந்து நிற்கின்றன. உடல் தளர்ந்தவரை இன்னும் தேவைப்படுகிறவராகவே நடத்துகின்றன. அவற்றின் மருத்துவக் குணம் இதில்தான் இருக்கிறது.

குடும்பமும் இதைச் செய்யலாம். நெடுநாள் படுத்திருக்கும் அப்பாவிடம் வீட்டுக் கணக்கை எழுதச் சொல்லலாம். பாட்டியிடம் கீரை ஆயக் கொடுக்கலாம். பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தாத்தாவிடம் விடலாம். சன்னலைத் திறப்பதா, யார் எப்போது பார்க்க வருவது, இன்று என்ன சமையல் என்பவற்றில் நோயாளியின் சொல்லுக்கு மதிப்புத் தரலாம். வீட்டில் நாயோ பூனையோ மீன்தொட்டியோ இருந்தால் ஒருவேளைத் தீனியாவது அவர் கையால் போகட்டும். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவரானால் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். பிராணிக்குத் தடுப்பூசியும் பராமரிப்பவருக்குக் கைகழுவலும் கட்டாயம்.

எலிசபெத்தின் தந்தை மகளை உயிராக நேசித்தார். ஆயினும் அவரால் முடியாததை ஒரு நாய் செய்தது. நேசம் போதாததால் அப்படி ஆகவில்லை. மகளால் தனக்கும் ஏதாவது செய்ய முடியும் என்று அவர் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை. நோயாளியிடம் நாம் எதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளும் நாளில்தான் நம் கவனிப்பு முழுமையடைகிறது.