புலியா, கடுவாயா?

போன சனிக்கிழமை காலையில் பின்கதவைத் திறந்தால், ராத்திரி கொட்டிய பனியில் தோட்டம் முழுக்கக் காலடித் தடங்கள். டொராண்டோவில் ஜனவரி மாதத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மகள்தான் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். "அப்பா, இது ராக்கூன், இது முயல். ஆனா இங்க வந்தது ரெண்டு முயலா, ஒரே முயல் ரெண்டு தரம் வந்துச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இதே கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஒரு நாடே ஏமாந்த கதை தெரியும். அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. நாங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட தமிழர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் புலி என்றால் வரிப்புலி. மலையாளத்தில் புலி என்றால் சிறுத்தை. வரி போட்டதுக்குப் பெயர் கடுவா. எங்கள் பாட்டா அதைக் கடுவாய் என்பார். அம்பூரிப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் "புலி எறங்கி" என்று சொன்னால் போதும், டீக்கடையில் பாதிப் பேருக்கு ஒரு மிருகமும் மீதிப் பேருக்கு வேறு மிருகமும் மனதில் வரும். பாட்டா மட்டும் கேட்பார்: "எடே, எந்தப் புலியாக்கும்? வரி இருந்துதா, புள்ளி இருந்துதா?" பார்த்தவன் முழிப்பான். அவன் பார்த்தது பெரும்பாலும் தடத்தை மட்டும்தான்.

புலிக்கணக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் நடந்தது. 1972-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 1,827 புலிகள் என்று வந்தது. அதைப் பார்த்து அதிர்ந்துதான் 1973 ஏப்ரல் 1-ல் இந்திரா காந்தியின் அரசு புலித்திட்டத்தை 9 காப்பகங்களோடு ஆரம்பித்தது. முதல் இயக்குநர் கைலாஷ் சங்கலா. எண்ணும் முறையை உருவாக்கியவர் ஒரிசாவின் வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி. தடத்தின் மேல் கண்ணாடியை வைத்துக் கோடு வரைவது, பாரிஸ் சாந்து ஊற்றி அச்சு எடுப்பது, பிறகு ஒவ்வொரு தடமும் எந்தப் புலியுடையது என்று பிரிப்பது. சௌத்ரி சாமானிய ஆள் இல்லை. சிம்லிபால் காட்டில் பழங்குடி மக்கள் கொண்டுவந்து கொடுத்த பெண்புலிக்குட்டியை, கைரி என்று பெயர் வைத்து வீட்டிலேயே வளர்த்தவர். தடத்தைப் பார்த்து அவருக்குப் புலியைத் தெரிந்திருக்கலாம். அதே கண் நாடு முழுக்க எல்லாக் காவலருக்கும் இருக்கும் என்று எதிர்பார்த்ததில்தான் கோளாறு.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கர்நாடகத்தின் உல்லாஸ் காரந்த். நம்மில் பலரைப் போல இன்ஜினியரிங் படித்தவர் (நாம் விசா வாங்கினோம், அவர் காட்டுக்குப் போனார்). எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். மைசூர் மிருகக்காட்சிசாலையில் நாலே நாலு புலிகளின் தடங்களை எடுத்து, அனுபவமுள்ள வனத்துறைக்காரர்களிடம் கொடுத்து இவை எத்தனை புலிகள் என்று கேட்டார். நாலு என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் கூடவே சொன்னார்கள். மண் ஈரமாக இருந்தால் தடம் பெரிதாகத் தெரியும், முன்காலும் பின்காலும் ஒரே அளவில் இருக்காது. எங்கள் தோட்டத்து முயல் கேள்விதான்.

அவர் சொன்ன மாற்றுவழி வரிகள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறு வேறு. அதனால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு தானியங்கிக் கேமரா. சிக்கியவை எத்தனை, மறுபடி சிக்கியவை எத்தனை என்று பார்த்து, சிக்காதவற்றையும் சேர்த்து மதிப்பிடுவது. 1990களின் தொடக்கத்தில் நாகரஹொளேயில் இதைச் செய்து காட்டினார். அரசாங்கம் கேட்கவில்லை.

2004-ல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் தாளில் 16 முதல் 18 புலிகள் இருந்தன. 2005-ல் தேடிப் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் அதே ஆபத்து வருகிறது என்று ஆய்வாளர் ரகு சுந்தாவத் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2009-ல் அங்கேயும் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. சரிஸ்காவுக்குப் பிறகுதான் தடக்கணக்கு கைவிடப்பட்டது. தேராதூனின் இந்திய வனஉயிரின நிறுவனம் கேமராவும் சேர்ந்த புதிய முறையில் 2006-ல் எடுத்த கணக்கில் வந்தது 1,411. நாலைந்து வருடம் முன்னால் தாளில் இருந்தது 3,642! அத்தனையும் செத்துவிட்டன என்று சொல்ல முடியாது. எத்தனை செத்தன, எத்தனை ஆரம்பத்திலிருந்தே தாளில் மட்டும் இருந்தன என்று யாராலும் பிரிக்க முடியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இந்தப் புது முறையில் 2022 கணக்கு 3,682.

சரி, மைசூர், ராஜஸ்தான் எல்லாம் சுற்றியாயிற்று, நம் மலைக்கு வருவோம். நெய்யாற்றின்கரை வழியாக ஓடும் நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறு சரணாலயம், 1958-ல் வந்தது. முகட்டைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை, 1988-ல் அறிவித்த தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். இருபுறமும் காணி மக்கள் வாழ்கிறார்கள்; 1956-ன் கோடு அவர்கள் நடுவிலும் போகிறது. தடக்கணக்கு நாட்களில் இரண்டு மாநிலமும் தனித்தனியாக எண்ணின. முகட்டில் நடக்கிற ஒரு புலி இங்கேயும் ஒன்று, அங்கேயும் ஒன்று என்று ஆகிவிட வாய்ப்பிருந்தது. இப்போது வரியை ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும். எங்களைப் போல இரண்டு ரேஷன் கார்டு வைத்திருக்க முடியாது!

முகட்டுக்குக் கிழக்கே, அடிவாரத்து நாங்குநேரியில் 1945-ல் பிறந்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜிம் கார்பெட் கதைகளில் மயங்கி, சிவகாசியில் கல்லூரி விலங்கியல் ஆசிரியராக இருந்துகொண்டே லீவு கிடைத்தால் மலைக்கு ஓடியவர். 1976 முதல் 78 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டியை ஓர் இந்திய விஞ்ஞானி காட்டிலேயே இருந்து முழுமையாக ஆராய்ந்தது அதுதான் முதல் என்கிறார்கள். செந்நாய், சிறுத்தை, புலி மூன்றும் ஒரே காட்டில் எதை எதைத் தின்று எப்படிப் பிழைக்கின்றன என்று, மிச்சம் கிடந்த இரையையும் எச்சத்தையும் கிளறிக் கண்டுபிடித்தார். ஒரு புலிக்கு வருடத்துக்கு ஐம்பது மான் அளவு இரை வேண்டும் என்பது பின்னால் வந்த கணக்கு. மான் இல்லாத காட்டில் புலியை மட்டும் காவல் காத்துப் பிரயோஜனம் இல்லை.

1985 முதல் 2005 வரை தேராதூன் நிறுவனத்தில் வேலை. இன்று காடுகளில் இருக்கும் அதிகாரிகளிலும் ஆய்வாளர்களிலும் பலர் அவரிடம் நடக்கக் கற்றவர்கள். உண்மையாகவே நடக்கத்தான், ஜீப்பில் உட்கார்ந்து காடு பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. ஓய்வு பெற்ற பிறகும் களக்காட்டு மலைக்கு வந்துகொண்டே இருந்தார். 2024 ஜூனில் பெங்களூரில் காலமானார்.

நாங்குநேரிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைதான். நான் அவர் பெயரை முதலில் கேட்டது கனடா வந்த பிறகு, ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வாயிலாக. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு இன்னொரு குறை. சௌத்ரி, காரந்த், ஜான்சிங் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. கேமராவைச் சுமந்துபோய் மரத்தில் கட்டியவர், எந்தப் பாதையில் கட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்த காணிக்காரர், மழையில் அட்டைக்கடி பட்டுக் காவல் நிற்கும் தினக்கூலி வாச்சர் இவர்கள் பெயரை நான் எங்கும் படித்ததில்லை.

நம்ம வீட்டுக் கேஸுக்கு வருவோம். மகள் ஸ்கேல் எடுத்துவந்து இரண்டு தடத்தையும் அளந்தாள். அரை சென்டிமீட்டர் வித்தியாசம். "ரெண்டு முயல்" என்று தீர்ப்பு சொன்னாள். நான் மைசூர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பனி உருகினால் தடம் பெரிதாகுமா என்று பார்க்க, ஒரு தடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு வைத்திருக்கிறாள். சாயங்காலம் மறுபடி அளக்கப் போகிறாளாம்.