சைபர்டிரக் ஆக்சிலரேட்டர் திரும்பப் பெறல் (2024)

அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் தனது மின்சார பிக்கப் வாகனமான சைபர்டிரக்கை, ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் காரணமாக 2024 ஏப்ரலில் திரும்பப் பெற்ற நடவடிக்கை. 2023 நவம்பர் 13 முதல் 2024 ஏப்ரல் 4 வரை தயாரான 3,878 வண்டிகள் இதில் அடங்கின.

கோளாறு மின்னணுவில் இல்லை. பெடலின் மேல் பொருத்திய பட்டையில் இருந்தது. தொழிற்சாலையில் அதை எளிதாகச் செருகுவதற்காக, முறையான ஒப்புதல் இல்லாமல் சோப்பைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். எஞ்சிய சோப்பின் வழுவழுப்பால் பட்டையின் பிடிப்பு தளர்ந்தது. ஓட்டுநர் பெடலை ஓங்கி மிதித்தால் பட்டை நழுவி, மேலேயுள்ள உட்புறப் பலகையில் செருகிக்கொள்ளும். காலை எடுத்தாலும் பெடல் மேலே எழாது. வண்டி தொடர்ந்து வேகமெடுக்கும்.

உயிர்காக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது: பிரேக்கை மிதித்தால் மோட்டாரின் விசை துண்டிக்கப்பட்டு வண்டி நிற்கும்.

முதல் புகார் மார்ச் 31 அன்றும், அடுத்தது ஏப்ரல் 3 அன்றும் டெஸ்லாவுக்கு வந்தன. இக்கோளாறால் விபத்தோ காயமோ நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் நிறுவனம் தெரிவித்தது.

டெஸ்லாவின் பல திரும்பப் பெறல்கள் இணையவழி மென்பொருள் மாற்றத்தோடு முடிந்துவிடும். இதற்கு அது போதவில்லை. பணிமனையில் பெடலைக் கட்டணமின்றி மாற்றியோ சீரமைத்தோ கொடுத்தார்கள்.