தாத்தாவின் ஆம்பூல்

எங்கள் குடும்பத்தில் ஒரு பல்புக்குக் கதை உண்டு. புதுச்சேரியில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக மின்விளக்கு வந்த நாளில், ஒரு பிரெஞ்சு துரை என் தாத்தாவின் கையில் கொடுத்த பல்பு அது என்பார்கள். பாட்டி அம்மாவுக்குச் சொன்னார், அம்மா எங்களுக்குச் சொன்னார், என் அக்கா தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில், ஒரு பிரெஞ்சு செய்தித்தாளில் சுற்றி, பட்டுப்புடவைக்கு நடுவில் இருந்தது. போன தீபாவளிக்குப் புதுச்சேரி போயிருந்தபோது அக்கா அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீதான் பல்பு பைத்தியம். நீயே வெச்சுக்கோ தம்பி. ஆனா பத்திரம்."

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. 1971இல் அரசு வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். சம்பள நாளன்று மூர் மார்க்கெட்டில் சுற்றுவது வழக்கம். மற்றவர்கள் பழைய புத்தகம் வாங்குவார்கள், நான் ஒரு நாள் பழைய பல்பு வாங்கினேன். உள்ளே இழை சுருட்டிவிட்ட தலைமுடி மாதிரி கறுப்பாக வளைந்திருந்தது. அறைக்கு வந்ததும் ஹோல்டரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு வெளிச்சம், ஒரு 'டிக்', முடிந்தது. அதன் கழுத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். நம் ஊர்க் கரன்டு 230. அந்தக் காலத்து ரயில் பெட்டிகளில் இருந்த 24 வோல்ட் பல்பைத் திருடிக்கொண்டு போய் வீட்டில் மாட்டியவர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். அவர்களுக்கு அது வேண்டியதுதான். எனக்கு மனசு ஆறவில்லை.

1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. ஓய்வு பெற்றுப் பூந்தமல்லியில் வீடு கட்டி வந்த பிறகு கரையான்சாவடி பக்கத்துக் காயலான் கடைதான் எனக்கு மூர் மார்க்கெட். மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து டிரங்க் ரோட்டில் பழைய கட்டடங்கள் பல இடிபட்டன. இடிக்கிற இடத்தில் பித்தளைக் குழாய், தேக்குச் சட்டம் என்று எடுப்பவர்கள் பல்பைக் கால் மாட்டில் தள்ளிவிடுவார்கள். கடைக்கார பாய் எனக்காக ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார். "சார், உங்க ஐட்டம் வந்திருக்கு" என்று போன் வந்தால் ஆட்டோ பிடித்துவிடுவேன். இப்படிச் சேர்ந்தது 140க்கு மேல்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்களுக்குப் பல்பு என்றால் 'ஆம்பூல்'. அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் காலில் வரும் கொப்புளம் என்றும் பொருள். ஆங்கிலத்துப் 'பல்பு' வெங்காயம் மாதிரிக் கிழங்கைக் குறிக்கிற சொல். இலங்கைத் தமிழர்கள் மின்குமிழ் என்கிறார்கள், அதாவது நீர்க்குமிழி. மூன்றில் நம்முடையதுதான் அழகு என்பது என் கட்சி. நம் வீட்டு ஹோல்டரில் அழுத்தித் திருப்பி மாட்டுகிறோமே, அந்தப் பின் வகைக்குப் பெயர் 'பயோனெத்', துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. பிரான்சிலுள்ள பயோன் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. எடிசன் கொண்டுவந்தது திருகு வகை. பிரிட்டனும் பிரான்சும் பின் வகையைப் பிடித்துக்கொண்டன. அதனால்தான் சென்னை, புதுச்சேரி இரண்டிலும் அதுவே வந்தது. எண்பது வருஷத்துப் பல்பை இன்றைக்கு எல்.இ.டி. மாட்டுகிற அதே ஹோல்டரில் மாட்டலாம். வேறெந்தப் பழைய சாமானுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை.

இனி தாத்தாவின் ஆம்பூல். பூந்தமல்லிக்குக் கொண்டுவந்து, மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.

முதலில் உச்சந்தலையைப் பார்க்க வேண்டும். பழைய பல்புகளில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உச்சியில் உருக்கி அடைப்பார்கள், அங்கே ஒரு சிறு கூர் நிற்கும். 1920களில் அடைப்பைக் கழுத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள், உச்சி வழவழப்பானது. எங்கள் பல்பு வழவழப்பு. எனக்கு அப்போதே வயிற்றில் லேசாக ஒரு சங்கடம்.

அடுத்தது இழை. கரி இழை என்றால் எடிசன், ஸ்வான் காலத்து வழி. 1879இல் தொடங்கி ஒரு முப்பது வருஷம் அதன் ராஜ்ஜியம். அதில் வாட் போடமாட்டார்கள், எத்தனை மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று போடுவார்கள். பிரெஞ்சு பல்பில் 'பூழி' என்று இருக்கும், அதுவும் மெழுகுவர்த்திதான். பிறகு டங்ஸ்டன். அதை ஒடியாத கம்பியாக இழுக்கும் வித்தையை அமெரிக்காவில் கூலிட்ஜ் 1910 வாக்கில் கண்டுபிடித்தார். அப்போது கம்பியை மேலும் கீழுமாக, கூண்டு மாதிரி நீளமாகக் கட்டினார்கள். 1913இல் லாங்மியூர் என்பவர் உள்ளே வாயுவை நிரப்பி, கம்பியைச் சுருளாக்கினார். வெற்றிடத்தில் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடி கறுத்துப்போகும், வாயு அதைத் தடுத்தது. சுருளையே இன்னொரு முறை சுருட்டிய இரட்டைச் சுருள் 1930களின் நடுவில் வந்தது. எங்கள் பல்பில் இருந்தது ஒற்றைச் சுருள், மாலை மாதிரி வளைத்துக் கட்டியது. ஆக 1920க்குப் பிற்பட்டது, சாதாரண வீட்டுப் பல்பு. துரை, தெருவிளக்கு எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டன.

இதற்கெல்லாம் என்னிடம் உள்ள ஆதாரம் ஹென்றி ஷ்ரோடர் எழுதி ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட மின்விளக்கு வரலாறு. அருமையான புத்தகம், படம் படமாக இருக்கும். ஆனால் அதற்கு உலகம் என்றால் அமெரிக்கா, அதுவும் 1923இல் நின்றுவிடுகிறது. மற்றக் கையேடுகளில் ஆஸ்ராம், மாஸ்டா, பிலிப்ஸ் என்று முத்திரை முத்திரையாக ஆராய்ந்திருப்பார்கள். ஆஸ்மியம், வுல்ஃப்ராம் என்ற இரண்டு உலோகப் பெயரின் ஒட்டுதான் ஆஸ்ராம், மாஸ்டா பார்சிகளின் கடவுள் பெயர் என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். நம் நாட்டுப் பல்புக்கு நான் பார்த்த ஒரு கையேட்டிலும் ஒரு பக்கம்கூட இல்லை.

நம்மிடம் பல்பு செய்யாமலா இருந்தார்கள்? கல்கத்தாவில் ராய் சகோதரர்கள் சுதேசி ஆவேசத்தில் 1932இல் பெங்கால் லாம்ப்ஸ் தொடங்கினார்கள். 1936இல் மைசூர் சமஸ்தானம், சர் மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, பெங்களூரில் மைசூர் லாம்ப் ஒர்க்ஸ் ஆரம்பித்தது. இன்று பஜாஜ் எலெக்ட்ரிக்கல்ஸ் என்கிறோமே, அது 1938இல் பிறந்தபோது பெயர் ரேடியோ லாம்ப் ஒர்க்ஸ். பெங்கால் லாம்ப்ஸ் 1980களின் கடைசியில் மூடிப்போனது. ஜாதவ்பூரில் பஸ் ஸ்டாப் பெயர் மட்டும் இன்னும் 'பெங்கால் லாம்ப்'. எடிசன் காலத்துப் பல்பு வேண்டுமா, காசு கொடுத்தால் லண்டனிலிருந்து வரும். அந்தக் காலத்து மைசூர் பல்பு ஒன்று கேளுங்கள், கிடைக்காது. ஃபியூஸ் போனதும் குப்பையில் போட்டுவிட்டோம், யாரும் எடுத்து வைக்கவில்லை. அதனால் என் ரிஜிஸ்டரில் நானே எழுதிக்கொள்கிறேன்: வரிசை எண், முத்திரை, வோல்ட், வாட், இழையின் உருவம், கிடைத்த இடம், கொடுத்தவர். முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்டர் எழுதின கை சும்மா இருக்குமா?

கடைசியாக முத்திரை. எங்கள் பல்பில் எழுத்து முழுக்க அழிந்திருந்தது. இதற்கு ஒரு வழி உண்டு. துடைக்கக் கூடாது, வாயைத் திறந்து மெல்ல ஊத வேண்டும். மூச்சு படிந்ததும் எழுத்து இருந்த இடம் மட்டும் வேறுவிதமாகத் தெரியும். ஊதினேன். மூன்றாவது தடவை வந்தது. முதலில் 'இந்தியா'. அதற்கு மேலே 'பெங்கால்'.

என் தாத்தா காலமானது 1931இல். பெங்கால் லாம்ப்ஸ் தொடங்கியது 1932இல்.

இரண்டு நாள் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. எழுபத்தொன்பது வயதுக்காரியிடம், நீ ஆயுசு முழுக்கச் சொன்ன கதை தப்பு என்று எப்படிச் சொல்வது? சுற்றியிருந்த செய்தித்தாள் கைகொடுக்குமா என்று பார்த்தேன். தேதி இருந்த மூலை கிழிந்திருந்தது. கிழியாமல் இருந்தாலும் பிரயோஜனமில்லை, பழைய தாளில் புதுச் சாமானைச் சுற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் இன்னொரு பக்கம் யோசித்தேன். கல்கத்தா பல்பு பிரெஞ்சு புதுச்சேரிக்கு எப்போது எளிதாக வந்திருக்கும்? 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. புதுச்சேரி அந்த செப்டம்பரில் தெ கோலின் பக்கம் சேர்ந்துகொண்டது. பிரான்சிலிருந்து சரக்கு வருவது நின்றுபோனது. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க உடன்பாடு ஏற்பட்டது, எல்லையில் தீர்வை இல்லை. 1949இல் அது முறிந்து, மறுபடி சுங்கச் சாவடிகள் முளைத்தன. யுத்த காலத்தில் புதுச்சேரியில் ஒருவர் கடைக்குப் போய்ப் புதுப் பல்பு கேட்டால், பெரும்பாலும் இந்தியாவில் செய்ததைத்தான் கொடுத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"பாட்டி அந்தக் கதையை ஆரம்பிச்சாலே அப்பா எழுந்து திண்ணைக்குப் போயிடுவார், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு வெள்ளைக்காரக் கதை பிடிக்காது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"உடைச்சிருக்கார்டா. உடைச்சிட்டு, பாட்டிக்குத் தெரியாம வேற ஒண்ணு வாங்கி அதே பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கார்."

அப்பாவுக்கு யுத்தத்தின்போது இருபது வயது இருக்கும். பாட்டிக்கு அப்போதே கண் மங்கல். பாட்டி 1963 வரை இருந்தார். அதுவரைக்கும், அதற்கப்புறமும், அவர் வாயைத் திறக்கவில்லை. அக்கா சொன்னதற்கு என்னிடம் ரசீது இல்லை. ஆனால் அவள் சொன்னதுதான் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"எரியுதான்னு பாத்தியா?" என்று கேட்டாள். பழைய பல்பை நேராகக் கரன்டில் மாட்டக் கூடாது என்று முதல் சம்பளத்திலேயே கற்றவன் நான். எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் சீரீஸ் போர்டு வாங்கி, அதில் ஒரு 100 வாட் பல்பைப் போட்டு, அதன் வழியாக இதற்குக் கரன்டு கொடுத்தேன். வீடியோவில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இழை முதலில் கங்கு மாதிரிச் சிவந்து, பிறகு மஞ்சளாகி நின்றது. பத்து எண்ணுவதற்குள் அணைத்துவிட்டேன்.

ரிஜிஸ்டரில் தீபாவளி அன்றே அவசரப்பட்டு ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். ஆபீஸில் கற்ற வழக்கம், தவறான பதிவை அழிக்கக் கூடாது, படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் 'பிரெஞ்சு துரை, தாத்தாவுக்கு' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'அப்பா, பாட்டிக்கு' என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன்.