இரத்தக் குழாய் வழியே உணவு

குடல் செயலிழந்த குழந்தைக்கு உணவூட்டுவது எங்ஙனம்? சர்க்கரை செறிந்த கரைசல் கையிலுள்ள சிறு சிரையைப் புண்ணாக்கிவிடும். இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையிலோ, விரைந்தோடும் இரத்தம் அதனை உடனே நீர்க்கச் செய்கிறது. இம்முறையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டட்ரிக், வில்மோர் ஆகிய மருத்துவர்கள் முதலில் நாய்க்குட்டிகளையும், பின்னர் ஒரு பச்சிளங் குழந்தையையும் வளர்த்துக் காட்டினர். குழந்தை பற்றிய செய்தி 1968-இல் வெளிவந்தது.

அடுத்த இடர் கிருமி. 1973-இல் சியாட்டில் நகரில் பிரோவியாக் குழுவினர் சிலிக்கோன் ரப்பர் குழாயைத் தோலுக்கடியில் சிறிது தூரம் செலுத்தினர். அதன்மேல் டெக்ரான் பட்டை ஒன்றை அமைத்தனர். பட்டையினுள் திசு வளர்ந்து குழாயைப் பற்றிக்கொள்ளும். தோல்வழி வரும் கிருமிக்கும் தடையாகும்.

இத்தகைய குழாயோடு குழந்தை வீடு திரும்பலாயிற்று. ஆனால் குழாயின் வெளிவாயைப் பட்டை காக்காது. ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகழுவி, வாயை ஆல்கஹாலால் அழுத்தித் துடைத்த பின்னரே பெற்றோர் திறக்கவேண்டும். காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனை!