கஞ்சிக்கோட்டுக் காற்றாடிகள்

வெளிநாடு வந்த புதுசில், விடுமுறைக்கு ஊர் போகும்போதெல்லாம் ரயில் வாளையாறு தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து விடுவேன். கஞ்சிக்கோட்டுக் காற்றாடிகளைப் பார்க்கத்தான். இங்கே துபாயில் யாராவது பசுமை மின்சாரம் என்று பேச ஆரம்பித்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

1995-ல் கேரள மின்வாரியம் நிறுவியவை. ஒன்பது காற்றாடி, ஒவ்வொன்றும் 225 கிலோவாட். மொத்தமே இரண்டு மெகாவாட்தான்! ஆனால் அரசு இதில் கை வைத்தது அதற்கும் வெகு முன்னால். திருவிதாங்கூர் அரசு 1940-லேயே மூணாறு பக்கம் பள்ளிவாசலில் நீர் மின்சாரம் எடுத்தது. 1976-ல் கனடா உதவியோடு இடுக்கி வந்தது. மூலமற்றம் நிலையத்தின் திறன் 780 மெகாவாட்.

பாங்குக்காரனாகச் சொல்கிறேன், போட்ட காசு திரும்ப இத்தனை வருஷம் ஆகும் என்றால் எந்த மேனேஜரும் லேசில் கையெழுத்துப் போடமாட்டார். அரசு போட்டது, காத்திருந்தது.

அதற்காக அரசு செய்ததெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். எங்கள் பாலக்காடு மாவட்டத்திலேயே சைலண்ட் வேலி அணையை மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. காட்டின் விலை எந்தத் திட்ட அறிக்கையிலும் சரியாக வராது.

இன்று வாரியம் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. கூரை சோலார் பகலில் உதவும். பொழுது சாய்ந்தால் இடுக்கித் தண்ணீர்தான் கைகொடுக்கும், தாத்தா போட்டுவைத்த டெபாசிட் மாதிரி.

கூரையில் சோலார் போடலாமா என்று ஊரிலிருந்து தம்பி கேட்டான். போடச் சொல்லிவிட்டேன். ராத்திரிக்கு என்ன செய்வது என்பதை அவன் தனியாகத் தீர்க்க முடியாது. அது வாரியத்தின் வேலை.