திருப்பருத்திக்குன்றம்: கூரையில கதை எழுதினது யாரு?

காஞ்சிபுரம்னு சொன்னதும் நம்மில் பல பேருக்கு முதல்ல பட்டுதான் ஞாபகம் வரும். அடுத்து காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர். இன்னைக்கு நாம பேசப்போற ஊர் பெரும்பாலும் இந்த லிஸ்ட்ல வராது. நகரத்தோட தென்மேற்கு ஓரத்துல இருக்கு, பேரு திருப்பருத்திக்குன்றம். பட்டுக்குப் பேர்போன நகரத்தை ஒட்டி, பேர்லயே பருத்தியை வெச்சிருக்குற ஊர். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி மாதிரி இதுக்கு இன்னொரு பேரும் உண்டு: ஜினகாஞ்சி. காஞ்சியோட சமணப் பகுதி.

எவ்வளவு பழைய ஊர்? திருத்துறைப்பூண்டி பக்கம் பள்ளன்கோவில்ல ஒரு பல்லவர் செப்பேடு கிடைச்சது. பருத்திக்குன்றைச் சேர்ந்த வஜ்ரநந்தி என்ற சமணத் துறவிக்கு, சிம்மவர்மன் என்ற பல்லவ அரசன் கொடுத்த தானத்தை அது சொல்லுது. அந்தத் தானம் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்பவே இந்த ஊர்ல இருந்த ஒரு துறவியோட பேரு, அரசன் தானம் எழுதிக் கொடுக்குற அளவுக்குத் தெரிஞ்சிருக்கு.

இங்கே ரெண்டு கோயில்கள். பல்லவர் பாணியில இருக்குற சின்னக் கோயில் சந்திரபிரபருக்கு. பெரிய கோயில் வர்த்தமானருக்கு, அதாவது மகாவீரருக்கு. இதைத் திரைலோக்கியநாதர் கோயில்னு சொல்வாங்க. நம்ம கதை இந்தப் பெரிய கோயில்லதான்.

விஜயநகரத்து அரசர் இரண்டாம் ஹரிஹரர்கிட்ட அமைச்சராவும் தளபதியாவும் இருந்தவர் இருகப்பர். அவர் சமணர். 1382இல் மகேந்திரமங்கலம் என்ற ஊரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்தார். 1387-88இல், தன் குரு புஷ்பசேனர் சொன்னதுக்காக, கோயில் முன்னால சங்கீத மண்டபத்தைக் கட்டினார். ரெண்டுக்கும் கல்வெட்டு இருக்கு. ஹம்பிக்குப் போனவங்க கானிகிட்டி கோயில்னு ஒரு சமணக் கோயிலைப் பார்த்திருப்பீங்க. அதைக் கட்டினவரும் இவர்தான்.

இப்ப அந்த மண்டபத்துல நின்னு மேலே பாருங்க. விதானம் முழுக்கப் படம். நீளமான பட்டை பட்டையா, ஒரு காட்சிக்குப் பக்கத்துல அடுத்த காட்சி. காமிக்ஸ் படிக்கிற மாதிரி வரிசையா படிச்சுக்கிட்டே போகலாம், கழுத்துதான் வலிக்கும். முதல் தீர்த்தங்கரர் ரிஷபர், 22ஆவது தீர்த்தங்கரர் நேமிநாதர், 24ஆவது தீர்த்தங்கரர் மகாவீரர்னு மூணு பேரோட வாழ்க்கை. கூடவே கிருஷ்ணரும் இருக்கார். சமணக் கோயில்ல கிருஷ்ணருக்கு என்ன வேலைன்னு தோணும். சமண மரபுல நேமிநாதரும் கிருஷ்ணரும் பங்காளிங்க. அதனால ஒருத்தர் கதையைச் சொன்னா இன்னொருத்தரும் வந்துடுவார்.

என்னை ரொம்ப இழுத்த விஷயம் படம் இல்லை, படத்துக்குக் கீழே இருக்குற எழுத்து. தமிழும் கிரந்தமும் கலந்து, இன்னார் இன்னது செய்யறார்னு சின்னச் சின்னக் குறிப்புகள். மண்டபம் கட்டினவர் பேரு கல்லுல இருக்கு, கட்டச் சொன்ன குரு பேரும் இருக்கு. மேலே ஏறி, அண்ணாந்தே பார்த்துக்கிட்டு வரைஞ்சவங்க பேரு நமக்குத் தெரியாது. அந்தக் காலத்து வேலையோட அடையாளமா நம்மகிட்ட இருக்குறது அந்தக் கோடும் அந்த எழுத்தும்தான்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. ரிஷபர் மக்களுக்கு ஆறு தொழில் கத்துக்கொடுத்தார்னு சமண மரபு சொல்லுது: அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம். அசின்னா வாள், கிருஷின்னா உழவு. மசின்னா மை, அதாவது எழுத்துத் தொழில். சிற்பம்னா கல்லுல செதுக்குறது மட்டும் இல்லை, எல்லாக் கைத்தொழிலும் அதுக்குள்ள அடங்கும். மையையும் கைத்தொழிலையும் கொடுத்தவரோட கதையை, மையால எழுதிக் காட்டின கைத்தொழிலாளிகளுக்குத்தான் அங்கே பேரு இல்லை.

சரி, இந்தக் காட்சிகள் இன்னின்னதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? 1934இல் டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பத்தி ஒரு முழு நூலே எழுதினார். சென்னை அரசு அருங்காட்சியகம் அதை வெளியிட்டுது. அந்தக் குறிப்புகளைப் படிச்சு, ஸ்ரீபுராணம் மாதிரி சமண நூல்களோட ஒப்பிட்டு, காட்சி காட்சியா அடையாளம் சொன்னார். எழுத்து அழிஞ்சிருந்தா பல இடத்துல ஊர்வலம், ராஜா, நடனம்னுதான் சொல்ல முடியும். எந்த ஊர்வலம், எந்த ராஜான்னு சொல்ல முடியாது.

விதானத்துல ஒரே காலத்து ஓவியம் மட்டும் இல்லைங்கறதையும் சொல்லணும். இருகப்பர் காலத்து ஓவியத்துல கொஞ்சம் துண்டுகள்தான் மிச்சம். பெரும்பகுதி அதுக்குச் சில நூற்றாண்டுகள் கழிச்சு வரைஞ்சது. அப்போ, "அன்னைக்கு மேல வரைஞ்சாங்கல்ல, இன்னைக்கு நாம பெயின்ட் அடிச்சா என்ன தப்பு?"ன்னு ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

என் பதில் இது. பின்னாடி வந்து வரைஞ்சவங்க அந்தக் கதைக்குள்ள இருந்தவங்க. அடுத்த காட்சி என்ன, அதுக்குக் கீழே என்ன எழுதணும்னு தெரிஞ்சு வரைஞ்சாங்க. கதையும் தெரியாம எழுத்தையும் படிக்காம நிறத்தை மட்டும் பளிச்சுன்னு ஆக்கினா, எழுத்து வெறும் கோடாயிடும். கூரை ஒழுகி ஈரம் இறங்குறது, விளக்குப் புகை, சுண்ணாம்பு, இதெல்லாம் தமிழ்நாட்டுக் கோயில் ஓவியங்களுக்குப் பழைய எதிரிகள். நல்லது செய்யறோம்னு அடிக்கிற புதுப் பெயின்டும் அந்த வரிசையிலதான் வரும். முதல்ல ஒழுகலை நிறுத்தணும். அப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் படம் எடுத்து, படிச்சு வைக்கணும். தூரிகையை எடுக்கலாமாங்கற பேச்சு அதுக்கும் அப்புறம்தான்.

பக்கத்துல இருக்குற தறிக்கும் இந்தக் கதை பொருந்தும். காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அது ஊர் பேரைக் காப்பாத்துது. ஆனா உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம்னு தனித்தனி நாடா ஓட்டி, நெய்யும்போதே ரெண்டையும் இணைக்கிற கோர்வை வேலைக்குத் தறியில ரெண்டு பேர் உட்காரணும். அந்த ரெண்டு பேரோட பேரு சேலையில எங்கேயும் இருக்காது. பெட்டி மேல கடை பேரு இருக்கும்.

இன்னைக்குத் திரைலோக்கியநாதர் கோயில் மாநிலத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. தமிழ்ச் சமணர்களுக்கு அது வெறும் நினைவுச்சின்னம் இல்லை. செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூர்ல இருக்குற அவங்க மடத்துக்கு இன்னைக்கும் ஜினகாஞ்சி மடம்னுதான் பேரு.

காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்கப் போறவங்க, ஒரு மணி நேரம் ஒதுக்கி இங்கேயும் போயிட்டு வாங்க. ஃபிளாஷ் வேண்டாம், கையால தொட வேண்டாம். படத்தைப் பார்த்து முடிச்சதும், அதுக்குக் கீழே இருக்குற எழுத்துல ஒரு வரியாவது படிக்க முடியுதான்னு பாருங்க.